ஈரம் காயும் முன்

தை மாதத்து மொன்றியலில் வெளியே மைனஸ் 20 பாகை என்றால், ஒரு கன மீற்றர் காற்றில் நிற்கக்கூடிய ஈரம் சுமார் ஒரு கிராம். அந்தக் காற்று கதவிடுக்கால் உள்ளே வந்து, ஹீற்றரில் பட்டு 21 பாகைக்குச் சூடாகும்போது, தான் தாங்கக்கூடியதில் இருபதில் ஒரு பங்கு ஈரத்தோடுதான் அறைக்குள் சுற்றுகிறது. மிச்சத்தை வீடு முழுக்கத் தேடும். பூச்சாடி மண்ணில் எடுக்கும், மேசைப் பலகையில் எடுக்கும், நித்திரை கொள்ளும் பிள்ளையின் முழங்கை மடிப்பிலும் எடுக்கும்.

தங்கச்சியின் மகனுக்கு நான்கு வயது. பகலில் அவனுக்குக் கடி தெரிவதில்லை, விளையாட்டு இருக்கிறது. விளக்கை அணைத்து, போர்வைக்குள் உடம்பு சூடான பிறகுதான் தொடங்கும். முதலில் ஒற்றை நகம் மெல்லச் சுரண்டும் சத்தம். பிறகு இரண்டு கையும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கும் அது கேட்கும். எக்ஸிமா உள்ள வீட்டில் ஒருவருக்குத்தான் தோல் வெடிக்கும். நித்திரை எல்லோருக்கும் கெடும்.

*

கை வைத்தியம் என்று கேட்டால் எங்கள் ஆட்களிடம் பதிலுக்குப் பஞ்சமில்லை. வேப்பிலை அவித்த தண்ணீர், மஞ்சள், பயற்றம்மா, குப்பைமேனிச் சாறு, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். குப்பைமேனிக்கு இங்கே வழியில்லை. மற்றதெல்லாம் இந்த நகரத்தின் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதிக் கடைகளில் கிடைக்கும்.

தேங்காய் எண்ணெய் இந்த ஊரில் பாதி வருடம் எண்ணெயாக இருப்பதில்லை. 24 பாகைக்குக் கீழே அது வெள்ளைக் கட்டி. கழுத்து ஒடுங்கிய போத்தல் என்றால் கரண்டிக் காம்பால் கிண்ட வேண்டும். ஆகவே அகன்ற வாய்ப் போத்தலாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒரு துண்டு எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினால், முதலில் விளிம்பு கண்ணாடிபோல் ஆகும், பிறகு நடு இளகும், கடைசியில் ஒரு சிறு மணி மட்டும் உருளும். அதுவும் போன பிறகு தொட்டால் பிள்ளை கூச மாட்டான். அவசரப்பட்டுக் கட்டியோடு தேய்த்தால் அது சொறிவதற்குச் சமம்.

இதற்குப் பின்னால் கொஞ்சம் ஆதாரமும் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கன்னித் தேங்காய் எண்ணெயும் மறு பகுதிக்குக் கனிம எண்ணெயும் 8 வாரம் பூசிப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: நோயின் கடுமை தேங்காய் எண்ணெய்ப் பக்கம் 68 வீதம் குறைந்தது, மற்றப் பக்கம் 38 வீதம். 2008இல் அதே நாட்டைச் சேர்ந்த இன்னொரு தோல் மருத்துவர் குழு, எக்ஸிமாத் தோலில் குடியேறும் ஸ்ரபிலோகொக்கஸ் கிருமி தேங்காய் எண்ணெயில் பெருமளவு ஒழிவதையும், ஒலிவ் எண்ணெயில் பாதிப் பேரிடம் அப்படியே தங்குவதையும் காட்டியது. இரண்டும் சிறிய ஆய்வுகள். 117 பிள்ளைகளை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது. ஆனால் அம்மம்மாவின் போத்தலை ஓரத்தில் தள்ளிவிடவும் முடியாது.

ஒலிவ் எண்ணெய் வேறு கதை. பார்க் எக்ஸில் பழைய கிரேக்கக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய பாட்டிமாருக்கு அதுதான் சகல ரோக நிவாரணி, அன்போடு சிபாரிசும் செய்வார்கள். 2013இல் இங்கிலாந்தில் நல்ல தோல் உள்ள பெரியவர்களின் கையில் சில வாரம் பூசிப் பார்த்தபோதே, அது தோலின் மேற்காப்பைத் தளர்த்தியது. ஒலிவில் மிகுந்திருக்கும் ஒலெயிக் அமிலத்தின் வேலை அது. சாலட்டுக்கு நல்லது.

*

எதைப் பூசுவது என்பதைவிட எப்போது பூசுவது என்பதில்தான் எனக்கு நம்பிக்கை. இளஞ்சூட்டுத் தண்ணீர், பத்து நிமிடத்துக்கு மேற்படாத குளிப்பு, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுப்பது, மேலில் ஈரம் காயும் முன் கொழுப்பைப் பூசிவிடுவது. மூன்று நிமிடத்துக்குள் என்று தோல் மருத்துவத் தாதிமார் சொல்லுவார்கள். தண்ணீர் மட்டும் பட்டுக் காய்ந்த தோல், குளிக்காத தோலைவிட மோசமாக வரளும். இதில் வஸ்லினை வெல்ல ஒன்றுமில்லை. நிலத்தடி எண்ணெயிலிருந்து வந்தது என்று சிலருக்கு அதன்மேல் இளக்காரம்; 1872இல் காப்புரிமை பெற்ற அந்தப் பிசுபிசுப்பு, ஈரம் வெளியேறுவதைத் தடுப்பதில் எந்தத் தாவர எண்ணெயையும் விட முன்னே நிற்கிறது. ஒரு டப்பா சில டொலர்.

2022இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் 550 பிள்ளைகளை வைத்து லோஷன், கிறீம், ஜெல், களிம்பு நான்கையும் ஒப்பிட்டார்கள். ஒன்றும் மற்றதை வெல்லவில்லை. அதற்கு முன், 2018இல், குளிக்கும் தொட்டியில் ஊற்றும் எண்ணெய்களைச் சோதித்தார்கள். 482 பிள்ளைகள். ஊற்றியவர்களுக்கும் ஊற்றாதவர்களுக்கும் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. காசு வடிகாலுக்குள் போனதுதான்.

ஆக, நம்மிடம் இருக்கிற, தோலுக்கு எரியாத, மணமில்லாத ஏதோ ஒரு கொழுப்பு. அதைக் காலையும் இரவும் தடவ ஒரு கை. பிள்ளை நெளியும். கதை சொல்லிக்கொண்டே தடவ வேண்டும். முழங்கால் பின்மடிப்பில் தோல் யானைத் தோல்போல் தடித்திருக்கும் இடத்தில் விரல் தானாக மெதுவாகும். மயிர் வளரும் திசையில் மேலிருந்து கீழே. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு உடம்பு முழுவதையும் பார்க்கும் சந்தர்ப்பம் வேறு எந்தக் காரணத்துக்காகவும் கிடைக்காது.

*

அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஒரு பழைய வழக்கு உண்டு.

“கிரந்தி பிள்ளை, கத்தரிக்காய் குடுக்காதை. றால், நண்டு ஒண்டும் வேண்டாம்.”

“எல்லாத்தையும் நிப்பாட்டினா அவன் என்னத்தைத் தின்னுறது அம்மா?”

அதே அம்மா, கடலைமாவையும் பாலையும் குழைத்து அவன் கையில் பூசச் சொல்லுவா. சவர்க்காரத்தை விட நல்லதாம். வாயால் போவதற்குத் தடை, தோலால் போவதற்கு அனுமதி. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இன்றைய மருத்துவம் இதைத் தலைகீழாக்கிவிட்டது என்பதை நான் தாமதமாகவே வாசித்தேன்.

லண்டனில் கிடியன் லக் என்ற ஒவ்வாமை மருத்துவர் 2003இல் ஒன்றைக் கவனித்தார்: நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் கடலையெண்ணெய் கலந்த கிறீம் பூசியிருந்தார்கள். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. வாய் வழியாகச் சிறுவயதிலேயே போனால் பழகிக்கொள்கிறது என்பது அவர் வாதம். 2015இல் அவருடைய குழு அதைச் சோதித்துக் காட்டியது. கடும் எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள 640 குழந்தைகள். நிலக்கடலையைத் தவிர்த்து வளர்ந்தவர்களில் ஐந்து வயதில் 17 வீதமானவர்களுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. சிறுவயதிலிருந்தே உண்டவர்களில் 3 வீதம். (இதை வீட்டில் தானாகச் செய்யக் கூடாது. கடும் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு முதல் நிலக்கடலை டொக்டரைக் கேட்டபிறகுதான்.)

ஜப்பானில் இதன் மறுபக்கம் நடந்தது. உடைத்த கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சவர்க்காரம் ஒன்று அங்கே பேர்போனதாக இருந்தது. அதைப் போட்டு முகம் கழுவிய 2,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை பாணும் நூடில்ஸும் பயமில்லாமல் சாப்பிட்டவர்கள் அவர்கள். 2011இல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

இதை அறிந்தபின் கடலைமா, பயற்றம்மா, கோதுமைமா, பசும்பால், முட்டை வெள்ளை எல்லாவற்றையும் தோலிலிருந்து எடுத்து அடுப்படியில் வைத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நல்லெண்ணெயையும் யோசிக்க வேண்டும். கனடாவில் உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் எள்ளும் உண்டு, கடுகும் உண்டு. எண்ணெய் வைத்து முழுகின பிறகு சீயாக்காய் போட்டு உரசுவது எக்ஸிமாப் பிள்ளைக்கு இரட்டைத் தண்டனை: பூசிய கொழுப்பும் போகும், தோலும் எரியும். கத்தரிக்காயைப் பொறுத்தவரை, சாப்பிட்ட சில மணித்தியாலத்துக்குள் ஒவ்வொரு முறையும் தடிக்கிறது என்றால் விடலாம். ஊர் சொல்கிறது என்பதற்காகப் பத்து உணவை நிறுத்தினால் பிள்ளை மெலியும். தோல் அதே தோல்தான்.

*

ஓட்ஸ். கியூபெக்கில் காலைக் கஞ்சிக்கு இதுதான் பழைய சாமான். இனிப்பும் வாசனையும் சேர்க்காத ஓட்ஸை மாவாக அரைத்து, ஒரு கரண்டி எடுத்துக் கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். அடியில் படியாமல் தண்ணீர் முழுவதும் பால்நிறமானால் பதம் சரி. வெதுவெதுப்பான தொட்டியில் ஒரு கோப்பை. அதிலுள்ள அவெனாந்திரமைட் என்ற பொருட்கள் அரிப்பை அடக்குகின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் நுண்ணிய ஓட்ஸ் மாவைத் தோல் காப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. தொட்டி வழுக்கும், பிள்ளையைக் கைவிடாமல் பிடிக்க வேண்டும்.

ஆனால் மேலே எழுதியதை மறந்துவிடக் கூடாது. ஓட்ஸும் உணவுதான். பிரான்ஸில் 2007இல் எக்ஸிமா உள்ள 302 பிள்ளைகளுக்கு ஊசிக்குத்துச் சோதனை செய்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓட்ஸுக்கு எதிர்வினை இருந்தது. பெரியவர்களின் கை காலுக்குத் தயங்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட, தோல் வெடித்த குழந்தைக்கு நான் வைக்க மாட்டேன்.

வேப்பிலைத் தண்ணீர் சிலருக்கு இதம், சிலருக்கு எரிவு. ஆறவைத்து, ஒரு சின்ன இடத்தில் பார்த்துவிட்டுச் செய்தால் பெரிய குற்றமில்லை. வேப்பெண்ணெயை உள்ளே கொடுப்பதுதான் கொடுமை. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குழந்தைகளுக்குச் சிறு வருத்தங்களுக்கென்று அதைப் பருக்கியதில் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை அந்நாட்டு மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மஞ்சள் பூசினால் நிறம் பிடித்து, கீழே என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போகும். சிலருக்கு மஞ்சளே ஒவ்வாது.

எங்கள் தோலில் ஏற்கெனவே அந்தச் சிக்கல் உண்டு. புத்தகங்களில் எக்ஸிமா சிவப்பு. மண்ணிறத் தோலில் அது சாம்பல், ஊதா, கடும் பழுப்பு. சிவப்பைத் தேடும் கண்ணுக்கு நோய் லேசாகத் தெரியும். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் கறுத்த, மண்ணிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கைநூலே போட வேண்டியிருந்தது. டொக்டரிடம் போகும்போது “எவ்வளவு கடிக்கிறது, இரவில் எத்தனை தரம் எழும்புகிறான்” என்பதைச் சொல்ல வேண்டும். நிறம் சொல்லாததை நித்திரை சொல்லும்.

*

தோல் வெடிப்பு பிள்ளைகளோடு நிற்பதில்லை. 1980களின் நடுவிலிருந்து இங்கே வந்து சேர்ந்த எங்கள் ஆண்களில் பலரின் முதல் வேலை கோப்பை கழுவுவது. பிரெஞ்சில் பிளோஞ்சர். சுடுதண்ணீர், சவர்க்காரம், குளோரின், மீண்டும் சுடுதண்ணீர். விரலிடுக்கில் தொடங்கி மணிக்கட்டு வரை வெடிக்கும். அதைக் குளிர் என்று நினைத்தவர்கள் அதிகம். உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை என்ற இரண்டு டொலர் வழியைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. வேலையால் வரும் தோல் நோய்க்கு கியூபெக்கில் நட்டஈடு கேட்கலாம் என்பதையும்.

உள்ளிக்கும் ஒரு கையெழுத்து உண்டு. வலது கைக்காரர்களுக்கு இடது கைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்து உரியும். கத்தி வலது கையில்; உள்ளிப் பல்லைப் பிடிப்பது அந்த மூன்று விரல்தான். இதைப் பார்த்தவுடன் மருந்துக்கு முன் கேட்க வேண்டியது, வீட்டில் உள்ளி உரிப்பது யார் என்று.

*

இந்த நகரத்துக்கே ஒரு எண்ணெய் வைத்தியம் உண்டு. மவுண்ட் றோயல் சரிவில் புனித சூசையப்பர் ஆலயம். 283 படி, அதில் 99 மரப்படி முழந்தாளில் ஏறுபவர்களுக்கென்று ஒதுக்கியது. அதைத் தொடக்கியவர் சகோதரர் அந்திரே. 1845இல் பிறந்து, எதிரே இருந்த பாடசாலையில் பல பத்தாண்டுகள் வாயிற்காப்பாளராக இருந்தவர். சூசையப்பர் சுரூபத்தின் முன் எரிந்த விளக்கின் எண்ணெயை எடுத்து, வருத்தக்காரர்களைத் தேய்க்கச் சொல்லுவார், தானும் தேய்ப்பார். குணமானால் அது சூசையப்பர் செய்தது என்பார். ஆட்சேபித்த மருத்துவர்களும் இருந்தார்கள். 2010இல் அவரைப் புனிதராக்கினார்கள். எண்ணெய் இப்போதும் சின்னப் போத்தலில் கிடைக்கிறது. வைத்தீசுவரன்கோயிலில் நோய்க்குக் கொடுக்கும் திருச்சாந்துருண்டையைத் தெரிந்த எங்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தமிழ்ச் சனம், சைவர்களும்கூட, அந்தப் படிகளில் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம்.

அந்த எண்ணெயை நெற்றியில் வைக்கலாம், வெடித்த முழங்கையில் வேண்டாம் என்பது என் கணக்கு. ஆனால் வாயிற்காப்பாளர் ஒருவர் முன்பின் தெரியாதவர்களின் வலிக்கும் இடத்தைத் தன் கையால் நேரமெடுத்துத் தேய்த்தார் என்பதை நினைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார முடிகிறது. இன்றைய கிளினிக்கில் ஆறு நிமிடத்தில் யாரும் யாரையும் தொடுவதில்லை.

*

கடி வரும்போது என்ன செய்வது? “சொறியாதை” என்று கத்துவது பயனில்லை. அதைக் கேட்டதும் இன்னும் கடிக்கும். ஸ்வீடனில் உப்சாலாவில் 1980களில் மருத்துவர் நோரேனும் உளவியலாளர் மெலினும் ஒரு பழக்கத்தைக் கற்பித்தார்கள். சொறியக் கை எழுந்ததும் இரண்டு கையையும் பொத்தி அரை நிமிடம் இறுக்கு. பிறகு கடிக்கும் இடத்தை அழுத்து, சொறியாதே. கிறீமோடு இதையும் செய்தவர்கள் குறைவாகச் சொறிந்தார்கள், தோலும் சீக்கிரம் ஆறியது.

நானும் என் கணுக்காலில் அதைச் செய்து பார்ப்பதுண்டு. அரிப்பை உற்றுப் பார்த்தால் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறும், ஊசிபோல் நிற்கும், இடம் மாறும், ஒரு கட்டத்தில் தானாகத் தளரும். அதுவரை மூச்சை எண்ணுவேன். இரவு இரண்டு மணிக்கு நான்கு வயதுக்காரனிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அவனுக்கு வேறு வழி: நகத்தை ஒட்ட வெட்டி, பழைய பருத்திச் சாரத்துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கடிக்கும் இடத்தில் ஒற்றி, வஸ்லின் பூசி, மேலே மெல்லிய பருத்திக் கைச்சட்டை. கம்பளி மேலில் படக் கூடாது.

*

கடைசியாக ரியூப். எங்கள் வீடுகளில் ஸ்ரிறோயிட் கிறீம் அலுமாரியில் மூடி திறக்காமல் காலாவதியாகும் பொருள். தோல் மெலியும், பிள்ளை வளராது என்ற பயம். இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அதை அளக்கப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2013இல் 12 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலையே வெளியிட்டார்கள். மாதக்கணக்காகக் கடும் கிறீமை முகத்தில் பூசினால் பயம் நியாயம். டொக்டர் சொன்ன கிறீமை, சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்குப் பூசுவது வேறு. அளவும் சுலபம்: பெரியவரின் சுட்டுவிரல் நுனி மடிப்பு வரை பிதுக்கினால் அரைக் கிராம், விரல்களோடு சேர்த்து பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும்.

பயந்தவர்கள் எங்கே போய் விழுகிறார்கள் என்பதற்கு பர்மிங்ஹாம் சாட்சி. 2003இல் அங்கே எக்ஸிமாப் பிள்ளைகளுக்குப் பூசிய 24 “மூலிகை” கிறீம்களைச் சோதித்தார்கள். 20இல் ஸ்ரிறோயிட், பலவற்றில் மிகக் கடுமையான வகை. இந்தியாவில் முகவெள்ளைக் கிறீமென்று ஸ்ரிறோயிட் மலிந்து, 2018இல் அவற்றை மருந்துச்சீட்டுப் பட்டியலுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. பெயர்ச்சீட்டு இல்லாத டப்பா, பூசிய மூன்றாம் நாளே மாயம்போல் சுகம் என்றால், அதற்குள் இருப்பது மூலிகை என்று நம்ப வேண்டாம். ஊரிலிருந்து யார் அனுப்பினாலும்.

ஏற்கெனவே எக்ஸிமா என்று டொக்டர் சொல்லியிருந்தால், கியூபெக்கில் லேசான, நடுத்தர வகைக் கிறீமை 2015இலிருந்து பார்மசிக்காரரே எழுதித் தரலாம். வரிசையில் மாதக்கணக்காக நிற்க வேண்டியதில்லை. புண்ணில் தேன்நிறப் பொருக்கு, நீர் கசிவு, காய்ச்சல், அல்லது ஒரே அளவான சின்னக் கொப்பளங்கள் கூட்டமாக வந்து நோகிறது என்றால் அது எண்ணெய்க்கும் ஓட்ஸுக்கும் உரிய நேரமில்லை. அன்றைக்கே டொக்டரைப் பார்க்க வேண்டும். சந்தேகமென்றால் 811க்கு அடியுங்கள். இரவு பகல் எந்நேரமும் தாதி ஒருவர் எடுப்பார், காசில்லை.